அத்தானின் தனிப்படிப்பு

என் அக்கா வீட்டுக்காரர் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் வாங்கப் போன கதையைச் சொல்கிறேன். வாங்கினாரா என்று இப்போதே கேட்காதீர்கள். நான் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுகிறேன். முகத்துக்கு நேரே மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் விட்டதெல்லாம் நெஞ்சில் முட்டிக்கொண்டு நிற்கிறது, இங்கே கொட்டிவிடுகிறேன்.

அத்தான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. இழப்பீடு கேட்டு வருகிற காகிதங்களில் கையெழுத்து இருக்கிறதா, முத்திரை இருக்கிறதா என்று பார்த்து அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. நானே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊருக்கெல்லாம் ஊசி குத்திப் பிழைக்கிறவள். ஆனால் அத்தானுக்குத் தன் வேலையைச் சொன்னாலே முகம் சுருங்கிவிடும். யாராவது என்ன பண்றீங்க என்று கேட்டால், "இலக்கியத்துல இருக்கேன்" என்பார். கேட்டவர் என்ன புரிந்துகொள்வார் பாவம், தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

எங்கள் வீடு இரண்டு அறையும் ஒரு சமையலறையும். அதில் ஓர் அறை படிப்பறை ஆகிவிட்டது. அவர்கள் குழந்தை பாப்பாவின் தொட்டில்கட்டில் கூடத்துக்கு வந்தது, பின்னாலேயே அக்கா வந்தாள், நான் ஏற்கெனவே அங்கேதான் கிடந்தேன். படிப்பறைக்கு மேசை விளக்கு வந்தது, சுழல் நாற்காலி வந்தது, மூன்று நிறத்தில் அடிக்கோடு போடும் பேனாக்கள் வந்தன. படிப்பு மட்டும்தான் வரவில்லை. துணி எடுக்க உள்ளே போனால் மனுஷன் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். யோசிக்கிறாராம்.

இதற்கு நடுவில் அக்காவின் விஷயம் ஒன்று இருந்தது. அக்கா மருந்துக்கடையில் உதவியாளாக நிற்கிறாள். மருந்துச் சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுக்கலாம், ஆனால் பட்டயம் இல்லாததால் கடைக்காரர் வந்து ஒவ்வொன்றையும் மறுபடி பார்க்க வேண்டும், சம்பளமும் அதற்குத் தகுந்த மாதிரிதான். மருத்துவமனைப் பள்ளியில் மருந்தாளுநர் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதி இடம் வாங்கிவிட்டாள். யாருக்கும் சொல்லாமல் படித்தாள், கடை மதிய நேரத்தில் மூடியிருக்கும்போது மருந்துப் பெட்டிகள் நடுவில் உட்கார்ந்து. ஆனால் அந்த வகுப்பும் சாயங்காலம், அத்தான் வகுப்பும் சாயங்காலம், எனக்குச் சாயங்கால ஷிப்டு. பாப்பாவுக்கு அப்போது மூன்று வயது. யாராவது ஒருவர்தான் போக முடியும்.

அத்தான் பாதிக் கிணறு தாண்டியிருந்தார், அவர் முடித்துவிடட்டும், பிறகு நான் என்று அக்கா ஒத்துக்கொண்டாள். பள்ளியில் கேட்டு இடத்தை ஒரு வருஷம் தள்ளிவைத்தாள். தள்ளிவைப்பது ஒரு தடவைதான். அடுத்த வருஷம் வகுப்பு தொடங்குகிற அன்றைக்குப் போய்ச் சேராவிட்டால் இடம் போச்சு, அதற்குப் பிறகு வயது வரம்பு விடாது. இதை அத்தானிடம் தெளிவாகச் சொன்னாள், நான் பக்கத்தில் இருந்தேன். அத்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கவலையே படாத. எனக்கு இன்னும் ஒரே ஒரு பாடம்தான்" என்றார்.

அந்த ஒரே ஒரு பாடத்தில்தான் வந்தது வினை. நாடக வகுப்பு ஒன்று இருந்தது. வாரம் ஒரு நாடகம் படிக்க வேண்டும், வாரம் ஒரு சின்னப் பரீட்சை எழுத வேண்டும், பாஸ் ஆகிவிடலாம். இல்லையென்றால் தனிப்படிப்பு என்று ஒரு வழி உண்டு. மாணவர் ஒரு பேராசிரியரைப் பிடிக்க வேண்டும், தலைப்பு ஒன்றைப் பேசி முடிவு செய்ய வேண்டும், வாரம் ஒருமுறை அவரைப் பார்த்துப் படித்ததைப் பேச வேண்டும். பருவ முடிவில் நீளமாக ஒரு கட்டுரை, வெளியிலிருந்து வருகிற ஒருவர் முன்னால் வாய்மொழித் தேர்வு. நிஜமாகவே படிக்கிறவர்களுக்கு அருமையான ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. அத்தான் நாடக வகுப்பைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினார். பரீட்சை எழுதுகிற வயதா தனக்கு, கும்பலோடு கும்பலாக உட்கார்ந்து படிக்கத் தான் என்ன ஆட்டு மந்தையா என்று கேட்டார். சின்னப் பரீட்சைக்குப் பயந்துகொண்டுதான் பெரிய படிப்புக்குப் போனார் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும்.

அவர் பிடித்த பேராசிரியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றாம் மாடியில் அறை, கதவில் பட்டங்கள் எல்லாம் பொறித்த பலகை, மேலே பெயர், கீழே பெயரைவிடப் பெரிதாகப் பதவி. தலைக்குச் சாயம், மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில். ஒரு தடவை அத்தான் மறந்துவிட்டுப் போன பையைக் கொடுக்கப் போயிருந்தேன். என்னை நிற்கவைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தபடி பேசிக்கொண்டே இருந்தார், அத்தான் தலையாட்டிக்கொண்டே இருந்தார். தலையாட்டுவதில் அத்தானை அடித்துக்கொள்ள ஆளில்லை. மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, அதை அத்தான்தான் கீழே கடையிலிருந்து வாங்கிவந்திருக்கிறார். நான் பையை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அந்தப் பேராசிரியருக்குச் சொந்தம் மாதிரி ஒரு நாவல் இருந்தது. யாரும் அதிகம் படிக்காத பழைய ஆங்கில நாவல், தலையணை கனம். கப்பல் வியாபாரி ஒருவரின் விதவை, வீட்டையும் தொழிலையும் தானே பார்த்துக்கொள்கிறாள். கணக்குப்பிள்ளை ஒருத்தன் அவளைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கேட்கிறான். அவள் அவனை நிமிர்ந்து பார்க்கிறாள், பதில் சொல்ல வாய் திறக்கிறாள். அதோடு புத்தகம் முடிந்தது. பேராசிரியர் இந்தத் திறந்த முடிவை வைத்துத்தான் பேர் வாங்கினார். அவள் என்ன சொன்னாள் என்று சொல்லாமல் விட்டதுதான் மகத்துவம், பதிலை வாசகர் கையில் கொடுத்துவிட்டார் ஆசிரியர் என்று வருஷா வருஷம் வகுப்பெடுப்பார். துறை வெளியிடுகிற இதழில் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதியிருக்கிறார். அந்த இதழுக்கு ஆசிரியரும் அவர்தான்.

அத்தான் அதையே தன் தலைப்பாக எடுத்துக்கொண்டார். பேராசிரியருக்குப் பிடித்ததை எடுத்தால் பேராசிரியருக்குத் தன்னைப் பிடிக்கும், முனைவர் பட்டத்துக்கும் அவரிடமே சேர்ந்துவிடலாம் என்று ஒரு கணக்கு. ஆமாம், முனைவர் பட்டம். இந்த ஒரு பாடம் முடிவதற்குள்ளேயே அடுத்ததுக்கு அடிபோட ஆரம்பித்துவிட்டார். அக்கா காதில் அது விழுந்தது. அவள் பாப்பாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள், சீப்பு மட்டும் ஒரு நொடி நின்றது.

நூலகத்திலிருந்து புத்தகம் வந்தது. பழசாகிப் போனதால் கிழிந்த முன்பக்கங்களை எடுத்துவிட்டுப் பழுப்பு அட்டை போட்டு மறுபடி தைத்திருந்தார்கள். பேராசிரியர் மாணவராக இருந்த காலத்தில் படித்ததும் இதே பிரதிதான் என்று அத்தான் ஏதோ கோயில் சிலையைத் தொட்டுவிட்ட மாதிரி சொன்னார். அவர் அதை முழுசாகப் படித்தார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். முதல் நூறு பக்கத்தில் மூன்று நிறக் கோடுகளும் இருந்தன, நடுவில் வெள்ளை, கடைசிப் பத்துப் பக்கத்தில் மறுபடி வானவில். ஆனால் பேச்சு இருக்கிறதே, அப்பப்பா. சாப்பிட உட்கார்ந்தால் திறந்த முடிவு, கை கழுவும்போது திறந்த முடிவு. பாப்பா ஒருநாள் கதை கேட்டது. முயல் குகைக்குள் போச்சு, உள்ளே ஏதோ சத்தம் கேட்டது என்றுவிட்டு எழுந்துவிட்டார். அப்புறம் என்னாச்சு என்று குழந்தை கேட்டால், நல்ல கதைக்கு அப்புறம் கிடையாது என்கிறார். குழந்தை ஓவென்று அழ, அக்கா வந்து முயலை வெளியே கூட்டிவர வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமை தோறும் சந்திப்பு. அத்தான் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்துவிட்டுப் போவார். அங்கே என்ன நடக்கும் என்று அவரே பெருமையாகச் சொல்லுவார். பேராசிரியர் தன் கட்டுரையிலிருந்து ஒரு பத்தி சொல்லுவார், அத்தான் எழுதிக்கொள்வார். அடுத்த வாரம் அத்தான் அதையே வேறு வார்த்தையில் சொல்லுவார், பேராசிரியர் பிரமாதம் என்பார். இப்படி ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துகொண்டே ஒரு பருவம் ஓடியது. கட்டுரையும் தயாரானது. வாய் திறந்த பெண்ணின் மௌனம் என்று தலைப்பு. முதல் பக்கத்தில் பேராசிரியருக்கு நன்றி, நாவலாசிரியரைவிட அவருக்குத்தான் அதிக இடம். அக்காவுக்கு ஒரு வரி இருந்தது, பொறுமைக்காக.

வாய்மொழித் தேர்வு எல்லோரும் வந்து கேட்கலாம் என்று வழக்கம். அத்தான் எங்களை வரச் சொன்னார். தான் பேசுவதை நாங்கள் பார்க்க வேண்டுமாம். நான் விடுப்பு எடுத்தேன், அக்கா கடையில் சொல்லிவிட்டு வந்தாள், பாப்பாவை எதிர்வீட்டில் விட்டோம். அக்காவுக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது. மாத முடிவில் இவர் முடிவு வந்துவிடும், அதற்கடுத்த திங்கட்கிழமை தன் வகுப்பு, எல்லாம் அளவாகப் பொருந்தியிருந்தது. படிக்கட்டில் ஏறும்போது என்னிடம் வெள்ளைக் கோட்டு தைக்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள்.

வெளியிலிருந்து வந்திருந்தவர் ஒல்லியாக ஓர் அம்மா, வேறு பல்கலைக்கழகம். அதட்டல் இல்லை, பந்தா இல்லை. அத்தான் பேசுவதை முழுசாகக் கேட்டார். அத்தானும் சும்மா சொல்லக்கூடாது, வெளுத்து வாங்கினார். கையை ஆட்டினார், நிறுத்தினார், கண்ணை மூடினார். பேராசிரியர் தன் பேச்சைத் தானே கேட்டு மயங்கிப் போய் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் அந்த அம்மா கட்டுரையைப் புரட்டிவிட்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற குரலில் கேட்டார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ரெண்டாம் பாகத்தை மட்டும் ஏன் விட்டுட்டீங்க?"

அத்தான் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த அம்மாவுக்கு இன்னும் விஷயம் பிடிபடவில்லை போலிருக்கிறது, அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். அந்த நாவல் இரண்டு பாகமாம். இரண்டாம் பாகத்தின் முதல் வரியிலேயே அவள் அந்தக் கணக்குப்பிள்ளையிடம் முடியாது என்று சொல்லிவிடுகிறாளாம். பிறகு கப்பலையெல்லாம் விற்றுவிட்டுப் பள்ளிக்கூடம் நடத்துகிறாளாம், கிழவியாகித்தான் சாகிறாளாம்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முதல் பாகம் என்று போட்ட தாளே கிழிந்துபோய் அட்டை மாற்றித் தைத்த பாதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒருத்தர் வாழ்க்கை முழுக்க வகுப்பெடுத்திருக்கிறார், இன்னொருத்தர் அதற்கு மேல் ஒரு மாடி கட்டியிருக்கிறார். இதற்கு அப்புறம் ஏதாவது உண்டா என்று இரண்டு பேரில் ஒருத்தரும் தேடிப் பார்க்கவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், நான் இருமுகிற மாதிரி நடித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

பேராசிரியர் சமாளித்துக்கொண்டார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டி, இரண்டாம் பாகம் வியாபாரத்துக்காகப் பின்னால் ஒட்டப்பட்டது, கலையாக நாவல் முதல் பாகத்தோடு முடிந்துவிட்டது, வேண்டுமென்றேதான் விட்டோம் என்றார். அத்தான் உடனே அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆமாம், வேண்டுமென்றேதான் என்றார். அந்த அம்மா, நீங்கள் அதைப் படித்திருக்கிறீர்களா என்று அத்தானிடம் கேட்டார். அத்தான் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு, படிக்க வேண்டிய அவசியம் எழவில்லை என்றார்.

அந்த அம்மா நல்ல மனுஷி. வேறு யாராவது என்றால் அங்கேயே கட்டுரையைத் தூக்கி எறிந்திருப்பார்கள். முடிவு அனுப்ப மூன்று வாரம் இருக்கிறது, இரண்டாம் பாகத்தைப் படித்துவிட்டுக் கூட ஐந்து பக்கம் எழுதிக் கொடுங்கள், உங்கள் கருத்து மாறாவிட்டாலும் பரவாயில்லை, படித்துவிட்டுச் சொல்லுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றார். இதைவிட ஒரு மனுஷர் இறங்கிவர முடியாது.

மறுநாள் அக்கா கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு இரண்டு பஸ் மாறி ஊரின் மறுகோடியில் இருக்கிற பழைய நூலகத்துக்குப் போனாள். இரண்டாம் பாகம் கிடைத்தது. கொண்டுவந்து படிப்பறை மேசையில் வைத்தாள். அத்தான் அதைக் குப்புறத் திருப்பி வைத்தார், அதன் மேல் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்தார். பேராசிரியர் தொலைபேசியில் பேசியிருக்கிறார். அதைத் தொட்டால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும், நாம் உறுதியாக நிற்க வேண்டும் என்றாராம். அந்த 'நாம்' ஒன்று போதுமே அத்தானுக்கு, உச்சி குளிர்ந்துவிட்டது. அலுவலகத்தில் தள்ளிய காகிதத்தைத் திருப்பி ஒருநாளும் பார்த்திராத மனுஷன், இப்போது கொள்கைக்காக நிற்கிறார்.

ஒரு வாரம் போனது. இரண்டாவது வாரமும் போனது. அக்கா சாப்பாடு வைக்கும்போது எத்தனை பக்கம் ஆச்சு என்று கேட்பாள், அவர் மெதுவாக என்பார். நான் ஒருநாள் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஒன்றோடொன்று ஒட்டியிருந்த பழைய பக்கங்கள்கூடப் பிரியாமல் அப்படியே இருந்தன. அக்காவிடம் போய்ச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

கடைசிச் சனிக்கிழமை காலையில் அக்கா படிப்பறைக்குள் போனாள். நான் வாசற்படியில் பாப்பாவுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அக்கா கோபப்படவில்லை. கெஞ்சினாள் என்றுகூடச் சொல்லலாம். நாலு நாள் இருக்கு, நான் பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வெளிய போயிடறேன், நீங்க படிச்சிடுங்க என்றாள். அத்தான் புத்தகத்தின் மேலிருந்த கண்ணாடிக் கூட்டை நேராக நகர்த்தி வைத்தார். பிறகு சொன்னார்.

"அதைப் படிச்சா நான் எழுதினதெல்லாம் பொய்யாயிடும்."

"அது இப்பவே பொய்தாங்க" என்றாள் அக்கா.

அத்தானின் வாய் திறந்தது, திறந்தபடியே நின்றது. அக்கா நாற்காலிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள், அவர் எதையாவது சொல்லுவார் என்று பார்த்தாள். முடிவு எப்படி வந்தாலும் அதற்கடுத்த திங்கட்கிழமை தான் வகுப்புக்குப் போகப் போவதாகவும், பாப்பா சாயங்காலம் அவரிடம்தான் இருக்கும் என்றும், தனக்கு இரண்டு வருஷம், அதற்குப் பிறகு அவர் படித்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டு வந்தாள். அவர், என்ன இது, இத்தனை நாள் உழைப்பு என்று பின்னாலேயே வந்தார். அக்கா தையல்கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

மூன்று வாரம் முடிந்தது, அத்தானின் முடிவு நிலுவை என்று வந்தது. பேராசிரியர் உறுதியாக நின்றாரா? நின்றார், நின்றார். துறைக் கூட்டத்தில் கேள்வி வந்ததும், இரண்டாம் பாகத்தைப் பார்க்காதது மாணவரின் கவனக்குறைவு என்று எழுந்து சொல்லிவிட்டு உட்கார்ந்தாராம். அந்த 'நாம்' அங்கேயே போய்ச் சேர்ந்தது. அடுத்த பருவம் அவர் வகுப்பெடுத்தது வேறு ஏதோ நாவல். அத்தானைத் தாழ்வாரத்தில் பார்த்தால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அதற்குப் பிறகு அத்தான் மூன்றாம் மாடிக்குப் போகவில்லை. நாடக வகுப்பில் சேரலாம், ஒரே பருவத்தில் முடிந்துவிடும் என்று அக்காவே சொல்லிப் பார்த்தாள். பார்க்கலாம் என்றார். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அக்கா இரண்டு வருஷமும் படித்தாள். சுலபமாக ஒன்றும் இல்லை. அத்தான் சாயங்காலம் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற லட்சணத்தில் பல நாள் நான் ஷிப்டு மாற்றிக்கொண்டு ஓடிவர வேண்டியிருந்தது. சில நாள் பாப்பாவைப் பின் பெஞ்சில் படுக்கவைத்துக்கொண்டே பாடம் கேட்டாள். இப்போது மருத்துவமனை மருந்தகத்தில் இருக்கிறாள். அவள் கையெழுத்துப் போட்டால்தான் மருந்து வெளியே போகும்.

போன மாதம் வீட்டுக்கு உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். யாரோ அத்தானிடம் நீங்களும் ஏதோ படித்துக்கொண்டிருந்தீர்களே என்று கேட்டார்கள். அத்தான் பெருமூச்சு விட்டார். மேசை விளக்கின் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"இவ படிக்கணும்னு ஆசைப்பட்டா. வீட்டுல ஒருத்தர்தான் படிக்க முடியும். நான் விட்டுக்கொடுத்துட்டேன்."

வந்திருந்த பெரியம்மா ஒருத்தி உருகிப் போனாள். இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அக்காவின் கன்னத்தைத் தடவினாள். அக்கா சிரித்துக்கொண்டே தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பின்னாலேயே போய், நீ என்ன வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறாய், நாலு பேர் முன்னால் அந்த மனுஷன் காதில் பூச்சுற்றுகிறார், நீ பல்லைக் காட்டுகிறாய், நான் போய்ச் சொல்லட்டுமா என்று கத்தாத குறையாகக் கேட்டேன்.

அக்கா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள், கூடத்துக்குக் கேட்கக்கூடாது என்று.

"விடுடி. அன்னைக்கு அவர் மட்டும் அந்தப் புத்தகத்தைத் தொறந்து படிச்சிருந்தா பாஸாகியிருப்பார். அடுத்தது முனைவர் பட்டம்னு சொல்லியிருப்பார். நானும் சரின்னு சொல்லியிருப்பேன்."